ஆறு வாரமும் ஒரே வினைச்சொல்: மஞ்சக்குப்பம் ஆங்கில வகுப்பு பற்றி

நான் ஸ்டாஃப் நர்ஸ். புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஐந்து வருடம் இருந்தேன், இப்போது கடலூரில் நான்கு வருடம். மருத்துவத் துறையில் இருப்பவர்களுக்கான ஆங்கிலப் பரீட்சையான ஓ.இ.டி. எழுதி பிரிட்டன் போக வேண்டும் என்று எண்ணம். அதற்காகத்தான் இந்த வகுப்பில் சேர்ந்தேன். கூட வேலை பார்க்கும் பிள்ளைகள் "எப்படிக்கா இருக்கு, சேரலாமா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் விவரமாகவே எழுதிவிடுகிறேன்.

வகுப்பு கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஒரு டெய்லர் கடைக்கு மேல் மாடியில் நடக்கிறது. வாசலில் போர்டு கிடையாது. டீச்சர் அரசுப் பள்ளியில் ஆங்கில ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். தன் பெயரைப் போடுவது அவருக்குப் பிடிக்காது, அதனால் நானும் போடவில்லை. திங்கள், புதன், வெள்ளி மாலை ஆறரை முதல் எட்டு வரை. மாதம் 900 ரூபாய். நான் சேர்ந்தபோது பதினோரு பேர் இருந்தோம்.

முதல் நாளே சொல்லிவிட்டார், ஆறு வாரத்துக்கு ஒரே ஒரு சொல்தான் என்று. அந்தச் சொல் 'டேக்' (take). அன்றைக்கே இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள். நான் உட்கார்ந்திருந்தேன். அதற்குக் காரணம் இருந்தது.

புதுச்சேரியில் வேலை பார்த்தபோது ஒரு வெளிநாட்டு அம்மா எலும்பு வார்டில் இருந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும், ஸ்கூட்டரிலிருந்து விழுந்து மணிக்கட்டு உடைந்திருந்தது. இரவு பத்து மணிக்கு வலி மாத்திரையோடு போனேன். தண்ணீரைக் கையில் கொடுத்ததும் என் முகத்தைப் பார்த்து, "ஐ கான்ட் டேக் இட், ஐ ஜஸ்ட் கான்ட் டேக் இட்" என்றார். மாத்திரையை விழுங்க முடியவில்லை போல என்று நினைத்தேன். சில பேருக்கு அப்படி இருக்கும், மாத்திரை என்றாலே குமட்டும். "ஓகே மேம்" என்று சொல்லி மாத்திரையைத் திரும்ப எடுத்துக்கொண்டு, கேஸ் ஷீட்டில் மறுத்துவிட்டார் என்று எழுதி, டாக்டருக்குப் போன் போட்டு ஊசிக்கு ஆர்டர் கேட்டுக் காத்திருந்தேன். டாக்டர் வேறு கேஸில் இருந்தார். முக்கால் மணி நேரம் கழித்து அவர் நேரிலேயே வந்து அந்த அம்மாவிடம் பேசிய பிறகுதான் விஷயம் புரிந்தது. அவர் தாங்க முடியவில்லை என்று சொன்னது வலியை. மாத்திரையைத் தாருங்கள் என்றுதான் கை நீட்டியிருக்கிறார். நான் அதை அவர் கண் முன்னாலேயே எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. அந்த முக்கால் மணி நேரம் அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தது மட்டும் எனக்கு மறக்கவில்லை.

அதற்கப்புறம் ஒரு கோச்சிங் சென்டரில் பதினெட்டாயிரம் ரூபாய் கட்டிச் சேர்ந்தேன். எது, எந்த ஊர் என்பது வேண்டாம். முந்நூறு ஃப்ரேசல் வெர்ப், அதாவது வினையோடு ஆஃப், ஆன் மாதிரி ஒரு சின்னச் சொல் சேர்ந்து வருவது, அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுத்தார்கள். டேக் ஆஃப், டேக் ஆன், டேக் இன், டேக் அப், டேக் ஓவர், ஒவ்வொன்றுக்கும் எதிரில் ஒரு தமிழ் அர்த்தம். வாரத்துக்கு ஐம்பது மனப்பாடம், சனிக்கிழமை டெஸ்ட். ஐம்பதுக்கு நாற்பத்தைந்து வாங்கினேன், திங்கட்கிழமை மறந்தேன். அந்தத் தாள் எங்கேயும் 'டேக் இட்' என்றால் தாங்குவது என்று சொல்லவில்லை, ஏனென்றால் அது ஃப்ரேசல் வெர்ப் கணக்கில் வராது.

இந்த மாடி வகுப்பில் டீச்சர் அர்த்தம் தருவதே இல்லை. ஒவ்வொருவரும் தன் வேலையிலிருந்து ஐந்து 'டேக்' கொண்டுவர வேண்டும். அதைக் கரும்பலகையில் எழுதுவார். எழுதிவிட்டு, "இதை உங்க வீட்ல, உங்க வேலையில தமிழ்ல எப்படிச் சொல்வீங்க?" என்று கேட்பார். புத்தகத் தமிழில் சொன்னால் ஏற்றுக்கொள்ள மாட்டார். "அப்படி யாரும்மா பேசறா? நோயாளிகிட்ட என்ன சொல்லுவே?" என்பார்.

இரண்டாவது வாரம் புதன்கிழமை என்னை எழுப்பி நிற்கவைத்து, காலை டியூட்டியை முதலிலிருந்து ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னார். 'டேக்' வருகிற ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தித் தமிழையும் சொல்ல வேண்டும். ஆரம்பித்தேன். ஏழரை மணிக்கு ஹேண்ட்ஓவர், அதை நாம் வாங்குவோம். டெம்பரேச்சரும் பி.பி.யும் பார்ப்போம். ரத்தம் எடுப்போம். புது அட்மிஷன் வந்தால் ஹிஸ்டரி கேட்போம். ஆபரேஷன் கேஸ் என்றால் சம்மதக் கையெழுத்து வாங்குவோம். ஸ்டெதாஸ்கோப் வைக்கும்போது மூச்சை நல்லா இழுத்து விடுங்க என்போம். மாத்திரை போட்டாச்சா என்று கேட்போம். தையல் பிரிப்போம். கட்டைக் கழற்றுவோம். எக்ஸ்ரேவுக்குக் கூட்டிக்கொண்டு போவோம். எவ்வளவு நேரம் ஆகும் சிஸ்டர் என்று அட்டெண்டர் கேட்டால் அரை மணி ஆகும் என்போம்.

சொல்லி முடித்துப் பலகையைப் பார்த்தால் இடது பக்கம் மேலிருந்து கீழ்வரை 'டேக்', 'டேக்', 'டேக்' என்று ஒரே சொல். வலது பக்கம் வாங்கு, பார், எடு, கேள், இழு, போடு, பிரி, கழற்று, கூட்டிப்போ, ஆகு. பத்து வினை! ஒன்பது வருடமாக இந்தப் பத்தையும் நாள் தவறாமல் பேசுகிறேன், ஒரு நாளும் எண்ணிப் பார்த்ததில்லை. 'டிட் யூ புட் தி டேப்லெட்?' என்று நோயாளியிடம் நான் ஏன் கேட்டேன் என்பதும் அன்றைக்குத்தான் விளங்கியது. 'போடு' உள்ளே உட்கார்ந்துகொண்டு 'புட்' என்று வெளியே வந்திருக்கிறது. தெரிந்த பிறகு அந்தத் தப்பு என் வாயில் வரவில்லை. மனப்பாடத்தால் போகாதது அப்படிப் போனது.

மறுவாரம் திருப்பிப் போட்டார். இப்போது இடது பக்கம் 'எடு'. லீவு எடு, போட்டோ எடு, ரத்தம் எடு இதெல்லாம் 'டேக்'கோடு ஒத்துப்போனது. அதோடு சரி. பசி எடுக்கிறது, வாந்தி எடுக்கிறது, மார்க் எடுக்கிறான், வகிடு எடுக்கிறாள், பாம்பு படம் எடுக்கிறது, கோயிலுக்குப் பால்குடம் எடுக்கிறோம், இது ஒன்றுக்கும் 'டேக்' உதவாது. மார்க்குக்கு 'கெட்', பால்குடத்துக்கு 'கேரி'. பசிக்கும் வாந்திக்கும் வாக்கியமே வேறு மாதிரி. பொதுவாக ஆங்கிலம்தான் கஷ்டம், ஒரு சொல்லுக்கு நூறு அர்த்தம் என்று குறைபடுவோம். நம் 'எடு'வைக் கற்க வருகிற ஒரு பிரிட்டிஷ்காரரை அன்றைக்கு நினைத்துப் பார்த்தேன். பாவமாக இருந்தது.

'கொள்' வந்த நாள்தான் எனக்கு மிகவும் பிடித்த நாள். 'டேக் கேர்' என்றால் பார்த்துக்கொள். 'டேக் இட்' என்றால் எடுத்துக்கொள். "அந்தக் கொள் தனியா நின்னா என்ன அர்த்தம்?" என்று டீச்சர் கேட்டார். யாருக்கும் வரவில்லை. குறிஞ்சிப்பாடியிலிருந்து வருகிற பெண் ஒருத்தி, அவள் அப்பா விவசாயி, மெதுவாக "நெல் கொள்முதல் நிலையம்னு சொல்றோமே டீச்சர், அதா?" என்றாள். டீச்சர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. கொண்டான் கொடுத்தான். கொள்வினை கொடுப்பினை. கொள் என்றால் வாங்குவதுதான், எடுப்பதுதான். கடைசியில் அவர் 'டேக் ஆஃப்டர்' என்று எழுதி, "இவ அம்மாவை மாதிரியே இருக்கான்னு சொல்ல இங்கிலீஷ்காரன் இதைச் சொல்றான், உங்க பாட்டி என்ன சொல்லுவாங்க?" என்றார். என் பாட்டி சொன்னது என் காதிலேயே இருந்தது. நான் பிறந்தபோது பார்க்க வந்தவர்களிடமெல்லாம் "இது அவங்க அத்தையைக் கொண்டிருக்கு" என்றாராம். கொண்டிருக்கு! அந்தத் தாளில் 'டேக் ஆஃப்டர்' என்பதை எத்தனை தடவை ஒப்பித்தேன், ஆஃப்டர் என்றால் பிறகு, எதற்குப் பிறகு என்று ஒட்டாமலே இருந்தது. இப்போது அது என் பாட்டியின் வாக்கியம். சாகும்வரை மறக்காது.

கூடப் படிக்கிறவர்களாலும் வகுப்பு நன்றாக இருக்கிறது. தேவனாம்பட்டினத்துத் தம்பி ஒருவன், கப்பல் வேலைக்குப் போகத் தயாராகிறவன், 'டேக்கன் அபேக்' என்பதைக் கொண்டுவந்தான். திகைத்துப்போவது என்று அகராதி சொல்கிறது, ஏன் என்று தெரியவில்லை என்றான். அது பாய்மரக் கப்பலில் பிறந்த பேச்சு, காற்று எதிர்ப்பக்கம் அடித்துப் பாயை மரத்தோடு வைத்து அழுத்திவிடும் நிலை அது என்று டீச்சர் சொன்னதும், அவன் தாத்தா சொல்லிக் கேட்டதை அப்படியே நடித்துக் காட்டினான்: ஓடிக்கொண்டிருந்த படகு அறை வாங்கின மாதிரி சட்டென்று நின்றுவிடுமாம். ஓட்டலில் கேஷ் பார்க்கிற அண்ணன் 'டேக்அவே' கொண்டுவந்தார். நமக்குப் பார்சல்.

ஒரு வெள்ளிக்கிழமை கோட்டைக் கதை வந்தது. தேவனாம்பட்டினத்தில் இடிந்து கிடக்கிற செயின்ட் டேவிட் கோட்டையை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். 1690-இல் ஆங்கிலேயக் கம்பெனி அதை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. கோட்டையோடு, அங்கிருந்து பீரங்கியால் சுட்டால் குண்டு போய் விழுகிற தூரம்வரை உள்ள ஊர்களும் அவர்களுக்கு என்று பேச்சு. குண்டு சாலை, குண்டு உப்பலவாடி என்று இன்றைக்கும் நாம் சொல்வது அந்தக் குண்டைத்தான். 1758-இல் புதுச்சேரியிலிருந்து ஃப்ரெஞ்சுத் தளபதி லாலி படையோடு வந்து கோட்டையைப் பிடித்தார். இதை ஆங்கிலத்தில் எழுதினால் 'தி ஃப்ரெஞ்ச் டுக் தி ஃபோர்ட்'. இங்கே 'டுக்' என்றால் பிடித்தார்கள். "சரி, கடையில 'ஐ வில் டேக் இட்'னு சொன்னா?" என்றார் டீச்சர். வாங்கிக்கறேன். காசு கொடுத்து வாங்குவதும் படையோடு வந்து பிடிப்பதும் அந்த மொழியில் ஒரே சொல். அப்போது குறிஞ்சிப்பாடிப் பெண் கேட்டாள்: "குண்டு விழுந்த இடம்வரைக்கும் எங்களதுன்னாங்களே, அது எந்த டேக் டீச்சர்?" டீச்சர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "நல்ல கேள்வி, நோட்ல எழுதிக்கோ" என்றார். நானும் எழுதிக்கொண்டேன். நான் தினமும் பஸ்ஸில் போகிற குண்டு சாலை அதற்கப்புறம் எனக்கு வேறு சாலை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், என் தொழிலோடு ஒட்டியது. 'டேக்' ஆங்கிலத்தின் சொந்தச் சொல் இல்லையாம். ஆயிரம் வருடத்துக்கு முன் வட ஐரோப்பாவின் கடலோடிகளான வைக்கிங்குகள் வந்து இங்கிலாந்தில் குடியேறினார்கள், அவர்கள் மொழியின் 'டாகா'தான் 'டேக்' ஆனது. அதற்கு முன் அங்கே 'நிமன்' என்று ஒரு சொல் இருந்தது, அர்த்தம் அதேதான், எடுப்பது. வந்த சொல் இருந்த சொல்லைத் தள்ளிவிட்டது. ஆனால் 'நிமன்' முழுதாகச் சாகவில்லை. அதன் ஒரு துண்டு 'நம்ப்' என்ற எழுத்தில் இன்னும் இருக்கிறது, உச்சரிப்பு 'நம்'. மரத்துப்போவது. உணர்ச்சி எடுக்கப்பட்டது என்பதுதான் அதன் பழைய பொருள். முதுகில் ஸ்பைனல் மயக்க ஊசி போட்டுவிட்டு நோயாளியின் காலைத் தொட்டு 'இஸ் இட் நம்?' என்று கேட்கிறோமே, அந்தச் சொல்லுக்குள்ளும் எடுப்பதுதான் இருக்கிறது. இதைக் கேட்டபோது எனக்கு அந்த எழுபது வயது அம்மாவின் மணிக்கட்டுதான் ஞாபகம் வந்தது. வகுப்பு முடிந்ததும் தனியாக டீச்சரிடம் அந்தக் கதையைச் சொன்னேன். அவர் சமாதானம் ஒன்றும் சொல்லவில்லை. "அடுத்த முறை 'டேக் இட்'னு கேட்டா, 'இட்' எதுன்னு கேளு. 'தி டேப்லெட் ஆர் தி பெய்ன்?' அஞ்சே வார்த்தைதான்" என்றார். அந்த வாக்கியத்தை என் பாக்கெட் டைரியில் எழுதி வைத்திருக்கிறேன்.

இதைவிட அதிகப் பொருள் உள்ள சொற்களை விட்டுவிட்டு ஏன் இது என்றும் டீச்சரிடம் கேட்டேன். 1989-இல் இருபது தொகுதியாக வந்த ஆக்ஸ்போர்டு அகராதியில் 'செட்' என்ற வினைக்குத்தான் மிக நீளமான பதிவு, 430 பொருள், அறுபதாயிரம் சொற்கள். அதற்கப்புறம் திருத்தியபோது 'ரன்' அதையும் முந்தி 645-க்குப் போய்விட்டது. "அதையெல்லாம் எண்ணிட்டு என்ன பண்றது? நீங்க எல்லாரும் தினம் பிடிக்கிறது 'டேக்'" என்றார்.

இனி குறைகள். படிக்கட்டு செங்குத்து, முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு ஃபேன், சித்திரை மாதத்தில் எட்டு மணிக்குள் உடம்பெல்லாம் நனைந்துவிடும். இன்வெர்ட்டர் இல்லை, கரண்ட் போனால் வகுப்பு இருட்டில் வாய்மொழியாக நடக்கும். அச்சடித்த நோட்ஸ் எதுவும் தரமாட்டார். ஷிப்டு வேலை பார்ப்பவர்களுக்கு நேரம் ஒத்துவராது. எனக்கே மதிய டியூட்டி வாரத்தில் மூன்று வகுப்பும் போய்விடும், விட்டதைத் திரும்ப எடுக்க மாட்டார், கூடப் படிப்பவர்களின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டியதுதான். கேட்டிருக்கிறேன், ஞாயிறு காலை ஒன்று வைக்கலாம் என்று. இதுவரை வைக்கவில்லை.

ஓ.இ.டி.க்குத் தயாராகிறவர்கள் இதை மட்டும் நம்பக் கூடாது. கடிதம் எழுதும் பகுதிக்கு ஐந்து நிமிடம் படிக்கவும் நாற்பது நிமிடம் எழுதவும் தருகிறார்கள். அந்த வேகமும் வடிவமும் தனிப் பயிற்சி. டீச்சர் அதைத் தொடுவதில்லை, அதற்கு வேறு ஆளைப் பாருங்கள். மூன்று மாதத்தில் பரீட்சை என்றால் இந்த வகுப்பே வேண்டாம், ஆறு வாரத்தில் ஒரு சொல் என்ற நடை உங்களைப் பதற வைக்கும். ஆனால் ரோல்-பிளே பகுதி இருக்கிறதே, நோயாளியாக நடிப்பவரோடு ஐந்து நிமிடம் பேச வேண்டியது, அதற்கு இங்கே கிடைத்தது வேறெங்கும் கிடைக்கவில்லை. 'டேக் ரெஸ்ட்' என்று நாம் எல்லா நோயாளியிடமும் சொல்கிறோம். அது நம் ஊர் ஆங்கிலம், பிரிட்டனில் 'கெட் சம் ரெஸ்ட்' என்பார்கள் என்று டீச்சர் சொன்னார். 'டேக் பாத்' வேண்டாம், 'ஹேவ் எ பாத்'. ஆனால் டீயில் சர்க்கரை போடலாமா என்று கேட்க 'டூ யூ டேக் ஷுகர்?' சரியாம். அங்கே வயதான நோயாளிக்கு டீ கொடுக்கும்போது உதவும் என்று அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். 'தப்பா எடுத்துக்காதீங்க' மட்டும் அப்படியே போகும், 'டோன்ட் டேக் இட் தி ராங் வே'. எடுப்பதுகூட மாறாமல் இரண்டு மொழியும் கை கோர்த்துக்கொண்டு நிற்கிற இடம் அது. அன்றைக்கு வகுப்பே கைதட்டியது.

நான் கட்டியது மூன்று மாதத்துக்கு 2,700 ரூபாய். அந்தப் பதினெட்டாயிரத்தைவிட இது எனக்கு அதிகம் தந்தது என்று தயங்காமல் சொல்வேன். ஆங்கிலம் சுத்தமாகத் தெரியாதவர்கள் ஒரு மாதம் திணறுவார்கள். கொஞ்சம் தெரிந்து, பேசும்போது எங்கேயோ தட்டுகிறது, எங்கே என்று தெரியவில்லை என்பவர்களுக்கு ஏற்ற இடம்.

அடுத்த சுற்று 'கெட்', ஐப்பசி முதல் வாரம் ஆரம்பிக்கிறார். புதியவர்கள் பத்துப் பேருக்கு மேல் சேர்க்க மாட்டார், அதனால் முன்னாடியே போய்ப் பார்த்துவிடுங்கள். ஐந்தரைக்குப் போனால் தனியாகப் பேச நேரம் தருவார். நீளமான கணக்கு நோட்டாக வாங்கிக்கொண்டு போங்கள், சின்ன நோட்டில் இரண்டு பத்தி போட இடம் பத்தாது. குடை கட்டாயம், படிக்கட்டுக்குக் கூரை இல்லை.